கலியாணம் பேசி வந்த இரண்டு நாடுகள்

பேத்திக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகளைத் தெரிவுசெய்து, அவற்றின் அரசியல் நிலைத்தன்மையையும் மக்களின் வாழ்க்கை நிலையையும் ஒப்பிட வேண்டும். எந்த இரண்டு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நைஜீரியாவும் சாம்பியாவும் என்று யோசிக்காமலே தமிழில் சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை; மடிகணினியின் திரையை இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொண்டாள்.

என் மனைவி காலமான இலையுதிர்காலத்திலிருந்து, பள்ளி விட்டதும் மகள் பேத்தியை ஹில்ஸ்பரோவில் என் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். படிப்புக்காக என்று சொல்லப்படுகிறது. இந்த வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்பதே காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததாக நான் காட்டிக்கொள்வதில்லை.

அந்த இரண்டு பத்திகளும் நிரம்புவதைப் பார்த்திருந்தபோது, இதே ஒப்பீட்டை எங்கள் குடும்பம் ஒருமுறை செய்து முடித்தது நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர்களை ஆப்பிரிக்கா விரும்பி அழைத்த காலம் அது. அப்பாவுக்கு ஒரே பருவத்தில் இரண்டு நாடுகளிலும் வேலை கிடைத்தது. நைஜீரியாவில் சம்பளம் அதிகம். ஆனால் பள்ளிக்கூடம் வடக்கே வெகுதொலைவில் இருந்தது; குடும்பத்துக்கு வீடு கிடையாது. அப்பா தனியே போக, அம்மாவும் நானும் ஊரிலேயே இருக்க வேண்டும். சாம்பியாவில் சம்பளம் குறைவு, வீடு உண்டு, மூவருமே போகலாம். மாத முடிவுக்குள் பதில் எழுதியாக வேண்டும்.

நான் நைஜீரியாவின் கட்சி. அங்கே கற்பித்த பெரியப்பாவின் பிள்ளைகளிடம் புதுச் சைக்கிள்கள் இருந்தன. அப்பா தொலைவில் இருந்தால் மாலைக் கணக்கு வகுப்பும் தொலைவில் இருக்கும். போதாததற்கு, சாம்பியாவுக்குக் கடலே இல்லை என்பதை அட்லசில் கண்டுபிடித்திருந்தேன். சைக்கிளை எந்தப் பக்கம் மிதித்தாலும் கடலில் போய் முடியும் ஊரில் வளர்ந்தவனுக்கு, அது ஒரு நாட்டின் உடற்குறையாகவே பட்டது.

பெரியவர்களின் ஆய்வுமுறை வேறு. எங்கள் குடும்பம் ஒப்பிட்டுப் பழகியது மாப்பிள்ளைமாரை மட்டுமே. எனவே கலியாணம் பேசும்போது விசாரிப்பதுபோலவே இரண்டு நாடுகளையும் விசாரித்தார்கள். குணம் எப்படி, திடீர்க் கோபம் வருமா, கையில் காசு தங்குமா? கடைசியில் சாதகமும் பார்க்கப்பட்டது. சுதந்திரம் கிடைத்த நேரமே பிறந்த நேரம் என்று வைத்துக்கொண்டு, அப்பா இரண்டு பிறப்புகளையும் சாத்திரியாரிடம் கொடுத்தார். இரண்டும் ஒக்டோபர் மாதத்து நள்ளிரவுகள் என்பதில் சாத்திரியார் சற்றுச் சங்கடப்பட்டார்.

“ரெண்டும் நடுச்சாமத்துப் பிள்ளையள். வருசம்தான் வேறை,” என்றார். பிறகு கணித்து, முன்பிறந்த நைஜீரியாவுக்குச் செல்வம் உண்டு, செவ்வாயும் உண்டு என்றும், பின்பிறந்த சாம்பியாவுக்கு ஆயுள் கெட்டி, கைதான் வறட்சி என்றும் தீர்ப்பளித்தார். அப்பா நுண்கணிதம் கற்பித்தவர். “சும்மா ஒரு பகிடிக்கு,” என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் அன்று மாலை முழுவதும் அவர் செவ்வாயைப் பற்றியே யோசித்தார் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா விடுமுறையில் வந்து இறங்கிய மறுநாள், இரு தரப்பும் எங்கள் வீட்டில் கூடின. சாம்பியாவின் தரப்பில் அம்மாவின் தம்பியான மாமாவும் மாமியும் வந்திருந்தனர். அவர்கள் இருவரும் அங்கேயே சேர்ந்து வாழ்பவர்கள்; விடுமுறையில் வந்திருந்தார்கள். நைஜீரியாவின் தரப்பில் பெரியப்பா. அவரருகே, யாழ்ப்பாணத்தை விட்டு எங்குமே போகாத பெரியம்மா.

மாமாவைக் காட்டிப் பெரியப்பா தொடங்கினார். “தம்பி குளிக்கிற சவுக்காரமும் இஞ்சையிருந்து காவிக்கொண்டு போறார். இதுக்குப் பேர் வெளிநாட்டு உத்தியோகம்.”

“ஓம் அண்ணை, சவுக்காரம் இல்லைத்தான்,” என்றார் மாமா. “ஆனா நாங்கள் படுக்கேக்கை ஆர் சனாதிபதியோ, எழும்பேக்கையும் அவர்தான். நீங்கள் காலமை ரேடியோவைக் கேட்டுப்போட்டுத்தானே சட்டை போடுறனீங்கள்?”

“ஆமிக்காரன் வந்தால் எனக்கென்ன? அவன்ரை பிள்ளைக்கும் கணக்கு ஓடாது.”

மாமி குறுக்கிட்டார். தம் தரப்புக்கே எதிராகச் சாட்சி சொல்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை. “சனாதிபதியைக் காய்ச்சிக் குடிக்கிறதே? ஒரு போத்தில் எண்ணெய்க்கு நானும் இவரும் மாறி மாறி வரிசையிலை நிண்டம். வாங்கிக்கொண்டு வாற வழியிலை இந்த மனிசன் அதை விழுத்தி உடைச்சுப்போட்டு நடு றோட்டிலை நிண்டு சிரிக்குது.”

“முதல்லை சிரிச்சது ஆர்?” என்றார் மாமா.

“பின்னை அழுறதே?”

நான் மனதுக்குள் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். மாமி வாயைத் திறந்தபோதெல்லாம் சாம்பியா சரிந்தது. பெரியம்மா ஒரு குறைகூடச் சொல்லவில்லை; ஆகவே நைஜீரியாவில் ஒரு குறையும் இருக்க முடியாது.

பெரியப்பா கெட்டவர் அல்லர். அப்பாவைப் படிப்பித்ததும், தங்கைமாருக்குக் கலியாணம் செய்துவைத்ததும் அவர்தான். அங்கே தனியே இருந்து உழைத்ததன் விலையை அவர் எவரிடமும் சொன்னதில்லை; எவரும் கேட்டதுமில்லை.

பெரியம்மா எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் சீனியை விட்டுக் கனகாலமல்லோ,” என்றார். கடிந்து சொல்லவில்லை. முதன்முறையாகப் போன வீட்டில், உபசரிப்பவரின் மனம் நோகாதபடி சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னார்.

“எனக்குத் தெரியாது,” என்றார் பெரியம்மா. கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெரியப்பா நைஜீரியாச் சந்தைகளில் கிடைக்கும் மிளகாயின் உறைப்பைப் பற்றித் தொடர்ந்தார்.

இப்போது என் தேநீரை நானே போட்டுக்கொள்கிறேன். அந்த மாலையின் பேச்சில் பாதி மறந்துபோயிருக்க, அந்தக் கோப்பை திரும்பிப் போனது மட்டும் துலக்கமாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவரிடம் எவரும் கேட்கவுமில்லை. பெரியம்மா போன வழியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், அப்பாவிடம், “நாங்கள் மூண்டு பேரும் சாம்பியாவுக்குப் போவம்,” என்றார்.

மிளகாய் பாதியில் நின்றது.

“பிள்ளை, தம்பி அங்கை இருக்கிறார் எண்ட பாசத்திலை சொல்லாதை,” என்றார் பெரியப்பா. “வடிவா விசாரிச்சுப்போட்டு முடிவெடு.”

“விசாரிச்சிட்டன் அத்தான்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்து முடிக்க நெடுநேரம் எடுத்தது. “அப்ப சரி,” என்றார்.

நாங்கள் சாம்பியாவுக்குப் போனோம். அம்மா எண்ணெய்க்கு வரிசையில் நின்றார். பள்ளிக்கூடம் விட்டபின் அப்பாவும் போய் நின்றார். அப்பாவுக்கு நைஜீரியாவில் சேர்ந்திருக்கக்கூடிய பணம் கடைசிவரை சேரவில்லை.

ஆனால் அன்று மாலை அந்த முடிவு எனக்குப் பெரும் அநீதியாகவே இருந்தது. புள்ளிக் கணக்கில் வென்ற நாடு தோற்றிருந்தது. அம்மா எப்போதும் கணக்கில் பலவீனமானவர். உடன்பிறந்த பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று முடிவுசெய்தேன். பெரியப்பாவை விட்டால் என் தரப்பில் எஞ்சியிருந்தவர் பெரியம்மா ஒருவரே. அவரிடம் முறையிடக் குசினிக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால், சீலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்தபடி அவர் அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், அம்மா நல்ல கெட்டிக்காரி என்று சொல்லித் தலையைத் தடவினார். தோற்றவர் வென்றவரைப் பாராட்டுவது பெருந்தன்மை என்று பள்ளியில் படித்திருந்தேன்.

ஓடிவந்து சபையில் அறிவித்தேன். “பெரியம்மா அழுறா.”

பெரியப்பா அப்பாவின் தோளில் தட்டினார். “பாத்தியே, உன்ரை அண்ணிக்கு நைஜீரியாவிலை எவ்வளவு பற்று எண்டு.”

அப்பா சிரித்தார், மாமா சிரித்தார். நானும் சிரித்தேன், என் கட்சிக்கு ஒருவராவது கண்ணீர் விட்டாரே என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. மாமி எழுந்து குசினிக்குப் போனார். அம்மா மட்டும் கையில் புட்டுத் தட்டுடன் அசையாமல் நின்றார். புட்டு ஆறிப்போகிறது, ஒருவரும் சாப்பிட வரவில்லையே என்ற கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.