டிபி என்று பயந்த நாட்கள்

ஐம்பதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில், மிளகாய் அரைக்கும் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எனக்கு இருமலும் மூச்சிரைப்பும் விடவில்லை. டிபிதான் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். கைக்குழந்தையாக இருந்த மகளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற நடுக்கத்தோடு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் முதுகில் குழாயை வைத்து, "மூச்ச நல்லா வெளிய விடுங்கம்மா," என்றார். விட்டேன். விசில் சத்தம் எனக்கே கேட்டது.

"சளியில ரத்தம் வருதா?"

"இல்லீங்க டாக்டர்."

"மில்லு ஓடுறப்ப அதிகமாகுதா?"

"ஆமாங்க. மில்லு லீவுன்னா பரவால்ல."

ஊசி போட்டார். அந்த மருந்தின் வேகத்தில் நெஞ்சு படபடத்தது, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு இலகுவானது. மறுபடியும் குழாயை வைத்துப் பார்த்தார்; விசில் சத்தம் அடங்கியிருந்தது.

"இது ஆஸ்துமாம்மா. எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துடலாம்."

அந்த 'எதுக்கும்' என்னைத் தூங்கவிடவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மகளுக்கு முத்தம் கொடுத்தேன்.