பயந்துகொண்டே எங்களை வளர்த்த அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் கொடுத்தார். "நீதான் மாப்பிள்ளை எழுதணும். எனக்கு அவளக் கல்யாணத்துக்கு அப்புறந்தான் தெரியும். நீ கூடவே இருந்து பாத்தவன்" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர், அக்காவைப் போல ஒரு துணிச்சல்காரியைப் பார்த்ததில்லை என்று சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு சங்கடம் இருந்தது. நான் அறிந்த அக்கா பயந்த சுபாவம் உள்ளவர். எந்தக் காரியத்தில் இறங்கினாலும் அவர் கை சில்லிட்டுப் போகும். அந்தக் கையோடுதான் எல்லாவற்றையும் செய்தார்.

அக்கா பிறந்தது அரிமளத்தில், எங்கள் அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில். அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். அக்காவுக்குப் பின் நான், எனக்குப் பின் தம்பி ராமையா, கடைசியாகத் தங்கை செல்லம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948ஆம் ஆண்டுக் கோடையில் அம்மா வாந்திபேதியில் இறந்தார். குடிக்க எடுக்கும் ஊருணித் தண்ணீர் வற்றிக் கலங்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்துக்கு அந்த நோய் வந்துவிடும். விடிந்தபோது அடுப்படியில் நின்றவர், விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை. செல்லம் அப்போது பால் குடிக்கும் குழந்தை. அக்காவுக்குப் பதினான்கு வயதிருக்கும்.

காரியம் முடிந்த மறுநாள் பெரியப்பா அப்பாவிடம் பேசினார். கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. "பொம்பளை இல்லாத வீட்ல நாலு பிள்ளைகள வச்சுக்கிட்டு என்னடா செய்வே? சின்னதை இலுப்பூர்ல அதோட சின்னம்மா வளக்கட்டும். பெரியவன நான் கூட்டிப் போறேன். ராமையாவ அரிமளத்துல விட்டுரலாம்" என்றார். அப்பா தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். செல்லத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற அக்காதான் பேசினார்.

"பெரியப்பா, ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்க. அடுத்த சித்திரைக்கு வாங்க. பிள்ளைக சரியா இல்லைன்னா ஒங்க இஷ்டம் போல பிரிச்சுக்கங்க."

"ஒனக்கே சோறு வடிக்கத் தெரியாதேத்தா."

"தெரிஞ்சுக்கிறேன் பெரியப்பா."

பெரியப்பா சம்மதித்துப் போய்விட்டார். அக்காவைப் பயம் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தை விட்டார். யாராவது தும்மினால் ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நாங்கள் தூங்கும்போது மூக்கருகே கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்; சில நாள் அந்தச் சில்லிட்ட கை பட்டு விழித்துக்கொள்வேன். ஐப்பசி அடைமழையில் செல்லத்துக்கு மாந்தம் கண்டபோது, அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. குழந்தை போய்விடுமோ என்ற பயம் பாதி, பெரியப்பா காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் பாதி.

சித்திரை முதல் நாள் வந்தது. ஊரார் எல்லாரும் சேர்ந்து நல்லேர் பூட்டி, முதல் உழவு உழுதுவிட்டு மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வந்த நேரம். அக்கா எங்களைக் குளிக்கவைத்துக் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்தார்.

"பெரியப்பா இன்னிக்கு வருவாக. இந்த வருஷம் என்ன செய்யப் போறீங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. சொன்னதச் செய்யணும். செய்யக்கூடியதா சொல்லுங்க."

நான், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடமாட்டேன் என்றேன். ராமையா வெகுநேரம் யோசித்து, "பாய நனைக்க மாட்டேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா சிரிக்கவில்லை. "நல்ல பேச்சு" என்று அவன் தலையைத் தடவினார். செல்லம் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்காக அக்காவே சொன்னார்: "இவ இந்த வருஷம் நடப்பா."

"நீ என்னக்கா செய்யப் போறே?" என்று கேட்டேன்.

"அடுத்த சித்திரைக்கும் ஒங்க மூணு பேரையும் இதே எடத்துல ஒக்கார வைப்பேன். எனக்கு வேறெதுவும் நெனைக்கத் தெரியலடா."

பெரியப்பா மதியம் வந்தார். எங்கள் தலை, நகம், துணி எல்லாவற்றையும் பார்த்தார். அக்கா பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டார். கை கழுவியபின், "பிள்ளைக இங்கேயே இருக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டியேறினார். அக்கா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அதன்பின் ஒவ்வொரு சித்திரை முதல் நாளும் எங்கள் வீட்டில் அந்தக் கூட்டம் நடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து, பிறகு தாங்களும் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பின்னல் போடக் கற்றுக்கொள்வதாகச் சொல்வாள். ஒருவன் பாம்பைக் கண்டு ஓடமாட்டேன் என்பான். அக்கா அதை மட்டும் தடுத்து, "ஓடணும்டா, கட்டாயம் ஓடணும்" என்பார். சொன்னதைச் செய்யாத பிள்ளையை அக்கா திட்டியதில்லை. ஆனால் அவர் முகம் வாடிப்போகும், அதைக் காணப் பயந்தே நாங்கள் செய்தோம்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதிருந்தபோது வந்த சித்திரையில், பழனியம்மா என்ற சிறுமி தன் முறை வந்ததும் எழுந்து நின்றாள். முந்தைய கோடையில் அவளுடைய தங்கை வாந்திபேதியில் இறந்திருந்தாள்.

"இந்த வருஷம் எங்க வீட்ல யாரும் சாகக்கூடாது" என்றாள்.

அக்கா பழனியம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது நம்ம கையில இல்லத்தா. ஆனா ஊருணியில யாரும் எறங்காமப் பாத்துக்கலாம். சுகாதார இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாகல்ல, காலைக் கழுவுற தண்ணியில இருந்துதான் எல்லாம் வருதுன்னு. நாம காவல் நிப்போமா?"

பிள்ளைகள் அத்தனை பேரும், இந்த வருஷம் அதைத்தான் செய்வோம் என்று சொன்னார்கள்.

எங்கள் ஊரின் ஊருணிக் காவல் அப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்தபின்னும் முறை வைத்து நின்றோம். துணி துவைக்கக்கூடாது, மாடு இறக்கக்கூடாது, காலைக் கழுவிவிட்டுத்தான் படியில் கால் வைக்க வேண்டும். முதலில் பெரியவர்கள் சிரித்தார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து தண்ணீரில் மருந்துத்தூள் போட்டதும், அந்த வாடைக்கும் எங்களையே ஏசினார்கள்.

ஒரு நாள் ஊர் அம்பலத்தின் பண்ணையாள், உழவு மாடுகளை ஊருணியில் குளிப்பாட்ட ஓட்டி வந்தான். அக்கா படிக்கு நடுவில் நின்றுகொண்டார். அவன் மாடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனான். சற்று நேரத்தில் அம்பலமே வந்தார். ஊருக்குப் பெரியவர், கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் சொல்லில்தான்.

"ஏ பொண்ணே, ஊருக்குச் சட்டம் போட நீ யாரு?"

"சட்டம் இல்லைங்க. பிள்ளைக செத்துப் போகுதுங்க."

"எங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து மாடு குளிக்கிற தண்ணி இது."

அக்கா படியை விட்டு நகரவில்லை. பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்த எனக்கு, அது சில்லிட்டிருப்பது தெரிந்தது. அம்பலம் அப்பாவின் பெயரைச் சொல்லி, "பாத்துக்கிறேன்" என்று போனார்.

வீட்டில் அப்பா கலங்கிப்போனார். "மடைத் தண்ணி அவர் கையில இருக்குத்தா. ஒனக்கு மாப்பிள்ளை வேற பாக்கணும். ஊர்ல இப்பிடிப் பேரெடுத்தா எவன் வருவான்? விட்ருத்தா." அக்கா, "எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா" என்றார். மறுநாள் விடிந்ததும் ஊருணிக்குப் போனார்.

வைகாசியில் அடுத்த ஊரில் நோய் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அக்கா எங்களை வீட்டை விட்டு எங்கும் போகக்கூடாது என்றார். ஆனால் ராமையா கூட்டாளிகளோடு அந்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பானகம் குடித்திருக்கிறான். மறுநாள் காலையில் படுத்தான். உச்சிப்பொழுதுக்குள் கண் குழிவிழுந்து, விரல் நுனி சுருங்கிவிட்டது. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. அக்கா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே இருந்தார். அது வந்த வேகத்தில் வெளியேறியது. தெருவில் ஒருத்தி, "காவல் காத்தவ வீட்டுக்கே வந்துருச்சே" என்று சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பான். எங்கள் வண்டிமாடு அவ்வளவு தூரம் ஓடாது. ஓடக்கூடிய மாடும் வில்வண்டியும் ஊரில் அம்பலம் வீட்டில் மட்டுமே இருந்தன. அப்பா எழுந்திருக்கத் திராணியில்லாமல் உட்கார்ந்துவிட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அம்பலம் வீட்டுக்கு ஓடினார்.

"வண்டி வேணுங்க. தம்பி போயிருவான் போல இருக்குங்க."

அம்பலம் நின்று பார்த்தார். "ஊருணிக் காவல விட்டுர்றியா?" என்றார்.

அந்தக் கணம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. அக்கா என்ன சொல்வாரோ என்று நான் பதறினேன். அக்கா யோசிக்கவே இல்லை.

"விட்டுர்றேங்க. இனிமே அங்கிட்டு போகமாட்டேன்."

"வார்த்த மாறக்கூடாது."

"மாறமாட்டேங்க. வண்டிய விடுங்க."

அம்பலம் உள்ளே திரும்பித் தம் மகனைக் கூப்பிட்டார். ஒன்று சொல்ல வேண்டும்: வாந்திபேதிக்காரனைத் தொட ஊரில் எல்லாரும் அஞ்சிய அன்று, அந்த மகன்தான் ராமையாவைத் தூக்கி வண்டியில் கிடத்தினார். மாடுகளை அவரே ஓட்டினார். அப்பாவும் அக்காவும் கூடப் போனார்கள். செல்லத்தைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ராமையாவுக்கு நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். பிழைப்பானா என்று இரண்டு நாள் யாரும் சொல்லவில்லை. ஊரில் எங்களுக்குச் செய்தியும் இல்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் செல்லமும் நானும் வாசலுக்கு ஓடுவோம்.

அந்த நாட்களில் ஒரு காலையில் பழனியம்மா வீட்டுக்கு வந்தாள். அக்கா வாக்குக் கொடுத்ததை அவளிடம் சொன்னேன். "அக்காதான வாக்குக் குடுத்தாக?" என்றாள். நானும் அவளும் மற்றப் பிள்ளைகளும் ஊருணிக்குப் போனோம். அக்கா இல்லாமல் படியில் நின்றபோது, எங்கள் யாருக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை. அம்பலம் பண்ணையாளோடும் மாடுகளோடும் வந்தார்.

"யாரு சொல்லி நிக்கிறீங்க?"

"யாரும் சொல்லலைங்க. இந்த வருஷம் நிப்போம்னு சித்திரை ஒண்ணாந் தேதி நாங்களே சொன்னதுங்க" என்றாள் பழனியம்மா. அவள் குரல் அழுகிற குரலாக இருந்தது.

அம்பலம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பண்ணையாளிடம், "அவ குடுத்த வாக்க அவ காப்பாத்தட்டும். இதுக ஒண்ணும் எங்கிட்ட வாக்குக் குடுக்கலையேடா" என்று சொல்லி, மாடுகளைக் கண்மாய்ப் பக்கம் திருப்பச் சொன்னார்.

ராமையா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அந்தக் கோடையில் ஊரில் இன்னும் சிலருக்கு நோய் கண்டது, யாரும் இறக்கவில்லை. காவல் நின்றதாலா, இன்ஸ்பெக்டர் வந்து போட்ட தடுப்பூசியாலா என்று எனக்குத் தெரியாது. அக்காவும் எதையும் உரிமை கொண்டாடியதில்லை.

கொடுத்த வாக்கை அக்கா மீறவில்லை. தண்ணீர் எடுக்கக்கூட ஊருணிப் பக்கம் போகவில்லை. நானும் செல்லமும்தான் எடுத்து வந்தோம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து தவித்துப்போவார். "இன்னிக்கு யாரு நிக்கிறா? தண்ணி தெளிவா இருக்கா? சின்னப் பிள்ளைக தனியா நிக்கலையே, வழுக்கி விழுந்துருமேடா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பழனியம்மா தினமும் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவாள். பின்னாளில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இளைஞர் மன்றம் வைத்தார்கள். பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து ஊருணிக்குச் சுற்றுச்சுவரும் எழுப்ப வைத்தார்கள்.

அப்பா பயந்தபடி மாப்பிள்ளை வராமல் போகவில்லை. இலுப்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்த அத்தான், ஊருணிக் கதையைக் கேள்விப்பட்டே பெண் கேட்டு வந்தார். அக்கா இரண்டு பிள்ளைகளைப் பெற்றார். செல்லத்துக்குக் கல்யாணம் செய்துவைத்தார். ராமையா டிரைவர் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒவ்வொரு வாரமும் அவனை நேரில் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

நாற்பது வயதை எட்டுமுன்பே இருதயக் கோளாறு வந்து, கடைசி இரண்டு வருடங்கள் அவரை வாட்டியது. நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பிள்ளைகள் சாப்பிட்டார்களா, ராமையா மழையில் பஸ் ஓட்டுகிறானா என்பதே கேள்வி. இறப்பதற்கு முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். "பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன். "எப்பத்தான்டா இல்ல?" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், அன்று எங்களைப் பிரிக்காமல் விட்ட பெரியப்பாவுக்கும், வண்டி ஓட்டிய அம்பலம் வீட்டு அண்ணனுக்கும், துக்கத்தில் உடனிருந்த இலுப்பூர்த் தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காவை எடுத்த அன்று, பழனியம்மாவும் அவளோடு ஊருணிக் காவல் நின்ற பெண்பிள்ளைகளும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு ஊரில் வாழ்க்கைப்பட்டவர்கள், சிலர் இடுப்பில் குழந்தையோடு. வழக்கப்படி தெருமுனையில் ஒரு பெரியவர், "பொம்பளைக இதோட திரும்புங்கத்தா" என்றார். பழனியம்மா, "நீங்க போயிட்டு வாங்கய்யா, நாங்க இங்கிட்டு நிக்கிறோம்" என்றாள். நாங்கள் சுடுகாட்டில் எல்லாவற்றையும் முடித்துத் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவர்களில் ஒருவர்கூட உட்காராமல், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.