நீட்டிய கை

ஐம்பத்தொரு வயதில், பழவேற்காட்டு ஏரிக்கரையில், நாலு பேர் பார்க்க, ஒரு சிம்பன்சியைப் போல மன்னிப்புக் கேட்டவன் நான். அதுவும் இருபத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்துவிட்டு.

பள்ளி வேலையை விட்டபின், வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்றுக்காக வீட்டிலிருந்தே சிம்பன்சிகளின் சைகைகளை ஆராய்கிறேன். காட்டில் எடுத்த வீடியோ வரும். எது எதனிடம் கை நீட்டியது, மற்றது என்ன செய்தது என்று நொடி நொடியாகக் குறிக்க வேண்டும். மனைவி சென்னையில், மகள் வீட்டில். ஆகவே எங்கள் வீட்டில் நடக்கிற பேச்செல்லாம் திரைக்கு அந்தப் பக்கம்தான், அதுவும் வாய் திறக்காமல்.

இந்தப் பக்கம் பேச ஒருவர் இருந்தார். ஏரியில் இறால் பிடிப்பவர். சாயங்காலம் வாசலில் வந்து உட்காருவார்.

"இன்னா சார், உங்க கொரங்கு இன்னிக்கு இன்னா சொல்லுச்சி?"

"குரங்கு இல்லை, மனிதக் குரங்கு."

"அப்ப வாத்தியாரு வேலைக்கு எடுத்துக்கலாமே."

அவர் மகளுக்கு ஆரம்பாக்கத்தில் கல்யாணம். காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று ஒரு வீடியோவைத் திறந்தேன். சண்டை போட்ட இரண்டு சிம்பன்சிகள் சமாதானமாகுமா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அவை சமாதானமானபோது ஆரம்பாக்கத்தில் கடைசிப் பந்தியின் இலையை எடுத்திருப்பார்கள்.

அதன்பின் அவர் வரவில்லை. இரண்டு மாதம் வாசலைப் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவன். எனக்கு ஒரு வரி வரவில்லை.

ஒருநாள் கரைக்கே போனேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வழியெல்லாம் தயாரித்த வாக்கியம் காணாமல் போனது. எதிரே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கை மேலே தெரிய, கையை நீட்டினேன். சண்டைக்குப் பிறகு சிம்பன்சி அப்படித்தான் நீட்டும். மற்றது தொட்டால் சமாதானம்.

பக்கத்துப் படகில் சிரித்தார்கள். அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலையின் ஓரத்தை அதில் வைத்து, "இறுக்கிப் புடிங்க சார்" என்றார்.

"பொண்ணு நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கா."

அவ்வளவுதான். வெயில் இறங்கும்வரை பிடித்திருந்தேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது, விடவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன்: வலையைத்தான் கொடுத்தார், விரல் படவில்லை. இதைத் தொட்டதாகக் குறிப்பதா, தொடவில்லை என்றா?

மறுநாள் இறால் கொண்டுவந்த அவர் மனைவி, கூடையை இறக்கியபடியே சொன்னார்: "அந்த வலைய எப்பவும் கம்பத்துலதான் கட்டித் தைக்கும் சார் அந்தாளு. நேத்துகூட கம்பம் சும்மாதான் நின்னுனு இருந்துச்சி."