இஸ்திரிக்குப் படியாத சுருக்கம்

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக நீராவி இஸ்திரி மேஜையில் நிற்கிறவள். மிதிகட்டையை அழுத்தினால் குபீரென்று எழும் ஆவி கழுத்துவரை அவளை மூடிவிடும். தலை மட்டும் மிதக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு வீலென்று அலறியதில் வந்த பெயர். அவளுக்கு அதில் கோபம் ஒன்றும் கிடையாது. "பேய்க்குச் சம்பளம் போடுற கம்பெனி உலகத்துலயே நம்மது ஒண்ணுதான்" என்பாள்.

துணியில் விழும் கோடு ஒவ்வொன்றுக்கும் அவளிடம் தனிப் பெயர் இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் விழுவது கசங்கல். தண்ணீர் தெளித்து ஒரு தேய் தேய்த்தால் ஓடிவிடும். கை வைத்து அளவு பார்த்துப் போடுவது மடிப்பு. அதை அழிக்கக் கூடாது, இன்னும் கூராக்க வேண்டும். பல நாள் அடியில் கிடந்த துணியைப் பிரித்த பிறகும் போகமாட்டேன் என்று நிற்பது தடம். அதற்கு ஆவியும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஓரம் அலையலையாக ஓடினால் நெளிவு. வெட்டியவர் கவனம் வேறெங்கோ போயிருக்கிறது. தையலை ஒட்டித் துணி குட்டிக் குட்டியாகக் கூடி நின்றால் அது சுருக்கு. சுருக்குக்கு இஸ்திரியில் மருந்தே இல்லை. அழுத்தித் தேய்த்தால் சற்று அடங்கியதுபோல நடித்துவிட்டு, சூடு ஆறியதும் மறுபடி முகத்தைச் சுளிக்கும்.

புதிதாக வந்திருந்த தர அதிகாரிக்கு இத்தனை வம்பு வேண்டியிருக்கவில்லை. குறைச் சீட்டை எளிமையாக்குகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் திணித்து, மேலே 'சுருக்கம்' என்று அச்சடித்துவிட்டார். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்த சட்டை நேராக இஸ்திரி மேஜைக்கு வரும். பழியும் கூடவே, சிவப்புச் சீட்டாக வரும். ஒரே மாதத்தில் மூன்று சிவப்புச் சீட்டு சேர்ந்தால் வேலை போய்விடும். பதினாறு வருடத்தில் ஒன்றுகூட வாங்காத ஆவியக்கா, இந்த மாதத்தில் மட்டும் இரண்டு வாங்கிவிட்டாள், இரண்டும் நீலச் சட்டைகளுக்கு.

சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்ததும் புருஷனுக்கு விளங்கிவிட்டது. பஞ்சர் ஒட்டுகிறவர், கிரீஸ் கையோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என் நெத்தியில இருக்கே, இது எந்த வகை? கசங்கலா, மடிப்பா?"

"அதுக்குத் திரைன்னு பேரு. புத்தகத்துல அப்படித்தான் எழுதுவாங்க. வயசானா விழறது."

"இஸ்திரி போட்டா போயிடுமா?"

"போயிடும். கூடவே நீங்களும் போயிடுவீங்க."

அவர் சிரித்தார். அவருடைய தங்கை சிரிக்கவில்லை. அதே தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருப்பவள்; இந்த வீட்டிலேயே மாடியறையில் குடியிருப்பவள். அண்ணன் கை கழுவப் போகும்வரை காத்திருந்து மெல்ல வாய் திறந்தாள்.

"அண்ணி, அந்த நீலச் சட்டைங்க எங்க லைன்லதான் ஓடுது. தையல்ல கோளாறுன்னு நீங்க சொன்னா எங்க எட்டுப் பேர் தலையிலதான் விழும்."

"நான் வாயை மூடிக்கிட்டா என் தலையில விழுதே?"

"அதுக்காக என்னை மாட்டிவிடுவீங்களா?"

"உன் கை எனக்குத் தெரியாதா? நீ தைச்சா கோடு போட்ட மாதிரி இருக்கும். தப்பு வேற எங்கயோ இருக்கு. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

மறுநாள் காலை முந்நூறு நீலச் சட்டைகள் தரப் பரிசோதனையிலிருந்து திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் பொத்தான் பட்டை நெடுகச் சுருக்கு. தர அதிகாரி சீட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, மூணாவதை எழுதட்டுமா? நீங்களே சொல்லுங்க."

"பத்து நிமிஷம் குடுங்க சார். அப்புறமும் எழுதணும்னு தோணுச்சுன்னா, பேனா நானே தர்றேன்."

ஒரு சட்டையை எடுத்துப் பட்டையின் தையலைக் குட்டிக் கத்தரியால் நறுக்கிப் பிரித்தாள். இறுக்கம் விட்டதும் துணி சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. "துணி மேல குத்தமில்லை" என்றாள்.

பிறகு நாத்தனாரைக் கூப்பிட்டுப் புதுத் துண்டு ஒன்றைத் தைக்கச் சொன்னாள். நாத்தனார் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து தைத்தாள். இயந்திரத்திலிருந்து வந்த துண்டு கண்ணாடிபோல் இருந்தது. அதன்மேல் ஆவியக்கா இஸ்திரியை வைத்து எடுத்தாள். அவ்வளவுதான், ஒரு சாண் நீளத்துக்குத் துணி கூடிக்கொண்டது.

"பாத்தீங்களா?" அதிகாரியின் குரல் ஏறியது. "தைச்சப்போ சரியாத்தான் இருந்துச்சு. உங்க மேஜைக்கு வந்தப்புறம்தானே சுருங்குது? இதுக்கு மேல என்ன வேணும்?"

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாருக்குத் தான் தப்பித்ததற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. ஆவியக்கா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணியிலும் குற்றமில்லை, தைத்த கையிலும் குற்றமில்லை, சூடு பட்டதும் ஏதோ சுருங்குகிறது. துணி இல்லையென்றால் மிச்சம் என்ன?

இயந்திரத்தின் மேலிருந்த நூல்கண்டை உருவினாள். மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த அளவுநாடாவை ஒட்டி ஒரு மீட்டர் நீட்டி வெட்டினாள்.

"சார், உங்க கண்ணால அளந்துக்குங்க. சரியா இருக்கா?"

"இருக்கு."

வெறும் நூலின் மேல் ஆவியை விட்டாள். ஆவி விலகியது. மறுபடி நாடாவோடு சேர்த்துப் பிடித்தாள். நூல் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

அதிகாரி அவள் கையிலிருந்து நூலை வாங்கித் தானே அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார். பழைய சரக்கில் மீதமிருந்த கண்டிலிருந்தும் ஒரு மீட்டர் வெட்டி ஆவி காட்டச் சொன்னார். அது இம்மி குறையவில்லை.

"புது நூல் எப்பலேர்ந்து வருது?" என்று கேட்டார்.

"உங்க புதுச் சீட்டு வந்த அதே வாரம் சார்" என்றாள் நாத்தனார். கண்ணீர் போன இடம் தெரியவில்லை. "நாங்க துணியைப் பாத்தோம், அண்ணி இஸ்திரியைப் பாத்தாங்க. நூலை யாரு பாக்கறது, அதுக்குத்தான் கட்டமே இல்லையே!"

தையல் பிரிவே கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அங்கேயே நின்று முதல் இரண்டு சிவப்புச் சீட்டுகளையும் அடித்துக் கையெழுத்துப் போட்டார். புது நூல் கிடங்குக்குத் திரும்பியது. முந்நூறு சட்டைகளின் பட்டையும் பிரித்துப் பழைய நூலால் தைக்கப்பட்டது. சட்டை வாங்குகிறவரின் ஆள் மூன்றாம் நாள் ஒவ்வொரு பட்டையையும் விரலால் நீவிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் சொல்லாமல் பெட்டிகளை மூடச் சொன்னார்.

அன்று மத்தியானம் அதிகாரி ஒரு வெள்ளைத்தாளோடு இஸ்திரி மேஜைக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன். கசங்கல், தடம், நெளிவு, சுருக்கு. நாலு கட்டம் போதுமா?"

"நூலுக்கு ஒண்ணு போடுங்க."

"அஞ்சு."

"யாருன்னு தெரியலைன்னா டிக் போடறதுக்கும் ஒண்ணு வேணும் சார். தெரியாததை எல்லாம் என் தலையில எழுதாம இருக்கணுமில்ல?"

அவர் ஆறாவது கட்டத்தை வரைந்தார். ஆவியக்கா மிதிகட்டையை அழுத்தினாள்.

"தள்ளி உக்காருங்க சார். உங்க தாள் கசங்கிடப்போகுது."