பின்சீட்டில் நைனாவை உட்கார வைத்து வாங்கிய வண்டி

நைனாவின் இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கார் என்ற பேச்சே எழுந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சோழவரத்துக்கு மேற்கே உள்ள கிராமத்தில் நெல் நிலம் வைத்துத் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தவர். மழை நாளில் வரப்பில் வழுக்கி விழுந்தார். அறுவை சிகிச்சை செய்து உள்ளே தகடு வைத்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, புதுவாயலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறு வழி இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார்.

காரணம் என் கணவர். எங்கள் வீட்டார் நிலம் வைத்திருந்தவர்கள். என் கணவர் வீட்டார் அவருடைய அப்பா காலம்வரை அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆலைகள் வந்த பிறகு வயலை விட்டு ஆலைக்குப் போனார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பக்கத்திலேயே ஓர் இரும்பு உருக்காலையில் அவர் மின்சாரப் பராமரிப்பு பார்க்கிறார். ஒரே பேருந்தில் போய் வந்து பழகினோம், கல்யாணம் செய்துகொண்டோம். நைனா வரவில்லை. பிறகு என்னோடு பேசத் தொடங்கினார். என் கணவரோடு பேசவில்லை.

ஒரே வீட்டில் இருக்க நேர்ந்தபோதும் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். கார் வாங்குவதைப் பற்றிய முதல் பேச்சு சாப்பாட்டு மேசையில் இப்படி நடந்தது.

"கரண்டு வண்டி வாங்கப் போறாராமே. கரண்டு பூட்ச்சின்னா இன்னா பண்ணுவாருன்னு கேளும்மா" என்றார் நைனா. என் கணவர் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"டெய்லி ஏத்த வாணாம்னு சொல்லு. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு வாட்டி ஏத்தினா போதும். அதுக்குள்ள கரண்டு வந்துடும்" என்றார் இவர், குழம்பை ஊற்றிக்கொண்டே.

முதலில் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வாரங்களில் விட்டுவிட்டேன். இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது.

மின்சார வண்டி என்று இவர் முடிவு செய்ததற்குக் காரணம் எளிமையானது. எங்கள் ஓட்டம் எல்லாம் குறுகியது. காலையும் மாலையும் நான் ஆலைக்குப் போய் வர வேண்டும். வாரம் இரண்டு முறை நைனாவைத் திருவள்ளூரில் உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். எப்போதாவது கிராமத்துக்கு. வீட்டுப் பக்கத்திலேயே வண்டி நிறுத்த இடம் இருந்தது. இந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு நான் இன்றும் மின்சார வண்டியைச் சொல்வதில்லை. வாடகை வீட்டில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு வண்டியைத் தெருவில் நிறுத்துகிற என் கூட்டாளி ஒருத்தி வாங்கிவிட்டு, சார்ஜ் போடுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளை இழந்துகொண்டிருக்கிறாள்.

செங்குன்றம் பக்கம் ஒரு காட்சிக்கூடத்துக்கு மூவரும் போனோம். வண்டியை ஓட்டப்போவது நான்தான் என்று சொன்ன பிறகும் விற்பனை இளைஞர் இவரைப் பார்த்தே பேசினார். ஒரு முறை சார்ஜ் போட்டால் எவ்வளவு ஓடும் என்று அவர் சொன்ன தூரத்தைக் கேட்டதும், "அது எந்த சோதனையில வந்த கணக்கு?" என்று கேட்டேன். பரிசோதனைக் கூடத்தில் கிடைக்கும் எண்ணுக்கும் ஆலையில் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என் தினசரி வேலை. அவர் கொஞ்சம் யோசித்து, "ரோட்ல கொறையும் மேடம்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசினார்.

சின்ன வண்டிதான், ஆனால் உயரமானது. பெரிய திரை, நீல நிறம். எனக்குப் பிடித்துவிட்டது. ஓட்டிப் பார்க்கும்போது நைனாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். செங்குன்றத்துப் போக்குவரத்தில் ஒரு சுற்று போய்த் திரும்புவதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கோழி குந்தினு கீற மாதிரி கீதும்மா" என்றார்.

இறங்கி, நானே பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பேட்டரி முழுக்கத் தரைக்கு அடியில் இருப்பதால் தரை உயர்ந்திருந்தது. சீட்டு அதே உயரம்தான். அதனால் முழங்கால் மேலே வந்துவிட்டது, தொடைக்குக் கீழே தாங்கல் இல்லை. இடுப்பை ரொம்ப மடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முன்சீட்டில் மட்டும் உட்கார்ந்து பார்த்து வாங்கியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. பின்கதவைத் திறந்து சாமான் இடத்தையும் பார்த்தேன். ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் ஒட்ட ஒரு சின்னப் பெட்டி மட்டும்தான் இருந்தது.

அந்த வண்டியை விட்டோம். இன்னும் இரண்டு இடம் அலைந்து, சீட்டு சற்று உயரமாகவும் கதவு அகலமாகவும் உள்ள ஒன்றை எடுத்தோம். வெள்ளை நிறம்தான் உடனே கிடைத்தது. நைனா ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்து, "இது பரவால்ல. அவருக்கு ஓகேவான்னு கேளு" என்றார்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகத்தைப் பிடித்து நிறுத்தும், அந்த வேகம் மின்சாரமாகத் திரும்ப பேட்டரிக்குப் போகும். ஓட்டுகிறவருக்கு அது சுகம். முதல் வாரம் அதை உச்சத்தில் வைத்து ஓட்டினேன். பின்னால் இருந்தவருக்கு வாந்தி வந்துவிட்டது. மறுநாளே குறைத்து வைத்தேன்.

வண்டி வந்த அன்று வேறொரு பேஜாரு. வீட்டுச் சுவரில் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் எர்த் சரியில்லை. இத்தனை வருடம் ஃப்ரிஜ்ஜும் கிரைண்டரும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடியிருக்கின்றன. இது கண்டுகொண்டது. மின்வாரியத்தில் லோடு கூட்டுவதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தோம். எர்த்தைப் பற்றி மின்சாரக்காரரான இவரே நினைக்கவில்லை. அடுத்தவர் ஆலையைப் பார்த்துக்கொள்கிறவர் சொந்த வீட்டைப் பார்ப்பதில்லை என்று நான் சொன்னதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நைனா நாற்காலியைப் பின்வாசலில் போடச் சொன்னார். குழி முழங்கால் ஆழம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "இன்னும் நோண்டச் சொல்லும்மா. ஈரம் வர வரைக்கும் போவணும்."

நான் சொல்வதற்கு முன்பே இவருக்கு அது தெரியும். ஆனாலும் தோண்டிக்கொண்டே போனார். ஈர மண் வந்ததும் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். அன்று சாயந்திரம் பச்சை விளக்கு எரிந்தது.

பிறகு சில மாதங்கள் ஒரு தொல்லையும் இல்லை. நைனாவும் தடியை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் நெல்லூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. நைனாவின் ஒரே தங்கை. ரயிலில் ஏறி இறங்க அவரால் முடியாது. அவ்வளவு தூரம் நான் மட்டும் ஓட்டவும் முடியாது. ஆகவே இவரும் வர வேண்டியிருந்தது. நைனாவின் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அதுவரை இவர் வந்ததில்லை.

"வண்டிய அவரு ஓட்டினா நல்லது" என்று மட்டும் சொன்னார் நைனா. அழைப்பு அவ்வளவுதான்.

போகும்போது இவர் ஓட்டினார். கல்கத்தா சாலை காலையில் காலியாக இருந்தது. நூறுக்கு மேலே பறந்தார். பெட்ரோல் வண்டிக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும் என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். இதில் தலைகீழ். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தேங்கித் தேங்கிக் குறையும் சார்ஜ், வேகத்தில் கண் முன்னால் இறங்கியது. அத்தை வீடு சேர்ந்தபோது பாதிக்கும் கீழே இருந்தது. புதுவீடுதானே, போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தோம். சொருகினால் சிவப்பு. புதுவீட்டில் ஒயரிங் வேலையே முடிந்திருக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துத் தாம்பூலப் பையோடு கிளம்பினோம். வழியில் நாயுடுபேட்டைக்கு அருகே ஓர் உணவகத்தில் வேகமாகச் சார்ஜ் போடும் இயந்திரம் இருப்பதாகப் போனில் காட்டியது. இருந்தது, இரண்டு இருந்தன. ஒன்று இருட்டாகக் கிடந்தது. மற்றொன்று எங்கள் போனிலிருந்த செயலியை ஏற்கவில்லை. அதற்குத் தனியாக வேறு ஒன்றை இறக்க வேண்டும். இறக்கினால் ஓடிபி வரவில்லை. உணவக ஊழியர் அது தன் பொறுப்பில்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு உள்ளே போனார். நெடுந்தூரம் போகிறவர்கள் ஓர் இடத்தை நம்பாமல் இரண்டு இடம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும், செயலிகளை வீட்டிலேயே இறக்கிச் சரிபார்த்துவிட வேண்டும். நாங்கள் அதை அந்த வெயிலில் கற்றுக்கொண்டோம்.

இப்போது நான் ஓட்டினேன். இடது ஓரமாக, லாரிகள் ஹாரன் அடித்துக் கடக்க, ஐம்பதில். சூலூர்பேட்டை தாண்டியபோது திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. ஏசியை அணைத்தேன். ஜன்னல்களை இறக்கிவிட்டேன்.

தடா நெருங்கும்போது நைனா சொன்னார். "உள்ள போற ரோட்ல ஒரு ரைஸ் மில்லு கீதும்மா. நம்ம நெல்லு ரெண்டு வாட்டி அங்க போயிகீது."

திருப்பினேன். மில் இருந்தது. முதலாளி நைனாவை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நைனா தெலுங்கில் எந்த வருடம் எந்த நெல் என்று பேசப் பேச முகம் மலர்ந்து, வாட்ச்மேன் அறையின் பிளக்கைக் காட்டினார். இவர் சட்டைப்பையிலிருந்த டெஸ்டரையும் மில்லில் கேட்டு வாங்கிய ஒரு பல்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், எர்த்தில் இணைத்தால் பல்பு எரிகிறதா என்று பார்த்தார். நைனா வண்டியிலிருந்து இறங்கி, தடியை ஊன்றிக்கொண்டு அறை வாசல்வரை போய்விட்டார்.

"எர்த் கீதா?" என்று கேட்டார்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நீ என்றும் இல்லை, நீங்கள் என்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவே புகுந்து வந்த கேள்வி.

"கீது மாமா" என்றார் இவர். மாமா என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

சாதாரண பிளக்கில் சார்ஜ் ஏறுவது ஆமை வேகம். புதுவாயல் போய்ச் சேரும் அளவுக்கு ஏற ஒரு சினிமா பார்க்கும் நேரம் ஆகும். மில்லின் நிழலில் கட்டில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அத்தை கொடுத்த லட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். மில் சத்தத்தில் கொஞ்ச நேரம் பேசவே முடியவில்லை. மெஷினை நிறுத்தியதும் திடீரென்று அமைதியாகிவிட்டது.

"உருக்காலைல சூடு தாங்க முடியாதுன்னு சொல்றாங்களே. உங்களுக்கு எப்டி?" என்றார் நைனா.

உங்களுக்கு. இவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"எனக்கு பரவால்ல மாமா, நான் பேனல் ரூம்ல. எங்கப்பாதான் ஃபர்னஸ்கிட்டயே நின்னாரு. கையெல்லாம் தழும்பு."

"அதுக்கு முன்னாடி இன்னா வேலை?"

"வயல் வேலைதான். அறுப்புக்கு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போவாரு. உங்க களத்துக்கும் வந்துகீறாருன்னு சொல்லியிருக்காரு."

நைனா தடியின் முனையால் தரையிலிருந்த உமியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து வண்டிப் பக்கம் போய்விடுவார் என்று நினைத்தேன்.

"மொகம் பாத்தா தெரிஞ்சிருக்கும் எனக்கு" என்றார். பிறகு, "அவரு பூட்டப்ப பாப்பா சொல்லி அனுப்புச்சி. வந்துருக்கணும் நானு" என்றார்.

மாமனார் இறந்தபோது நான்தான் ஊருக்குத் தகவல் சொன்னேன். கல்லறைக்குக் கிளம்பும் வரைக்கும் நைனா வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. கட்டிலின் விளிம்பில் சறுக்கினாற்போல் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்து, "நல்லா உள்ள தள்ளி ஒக்காருங்க மாமா. இடுப்பு நோவும்" என்றார் இவர். நைனா தள்ளி உட்கார்ந்தார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தோம். இறங்கும்போது நைனாவுக்குக் கைகொடுக்க நான் சுற்றி வருவதற்குள் இவர் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு விஷயத்தில் இன்றைக்கும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள். வண்டி விஷயம் மட்டும் நேராகப் பேசுகிறார்கள். டயரில் காற்று எவ்வளவு, சர்வீஸ் எப்போது, மழைக்கு முன் எதை மாற்ற வேண்டும் என்று. நான் குறுக்கே பேசினால் இருவருக்குமே பிடிப்பதில்லை.

போன அறுவடை சமயத்தில் எனக்கு ஆலையில் விடுப்பு கிடைக்கவில்லை. இருவரும் மட்டும் கிராமத்துக்குப் போனார்கள். முன்பெல்லாம் இவர் வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு அங்கேயே இருப்பார், நான் நைனாவை ஆட்டோவில் உள்ளே கூட்டிப்போவேன். அன்று வண்டி நேராக ஊருக்குள் நைனாவின் வீட்டு வாசலில் போய் நின்றதாம். மின்சார வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்து ஆட்கள் கூடியிருக்கிறார்கள். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவர், ஏரி உடைந்து ரோட்டில் வெள்ளம் நின்றால் இந்த வண்டி என்ன ஆகும் என்று நைனாவைக் கேட்டிருக்கிறார்.

"எங்க மருமவனக் கேளுங்கப்பா. அவருக்குதான் தெரியும்" என்றாராம் நைனா.

சாயந்திரம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னார் இவர். வெள்ளத்துக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். எந்த வண்டியாக இருந்தாலும் தண்ணீரில் இறக்காமல் திருப்பிக்கொண்டு வருவதுதான் நல்லது என்று சொன்னாராம். பிறகு குளிக்கப் போனார்.