உம்முகுல்சுவின் விரல்

உம்முகுல்சு முதலில் தன் விரலைத்தான் குத்துவாள். வீட்டுக்குப் புதிதாக எந்த சுகர் மெஷின் வந்தாலும் அதில் தன் இரத்தத்தை ஒரு சொட்டு வைப்பாள். அதே கையோடு தன் பழைய மெஷினிலும் ஒரு சொட்டு. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் புதியதற்கு அலமாரியில் இடம். விலகிப்போனால், "இவன் நம்ம குடும்பத்துக்கு ஒத்துவர மாட்டான்" என்று உறையிலேயே திருப்பிப் போட்டுவிடுவாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை. அந்தத் தலச்சேரிப் பெரிய வீட்டில் மற்றப் பெரியவர்கள் எல்லோருக்கும் உண்டு.

வளைகுடாவிலிருந்து வருபவர்கள் ஒரு காலத்தில் அத்தர் கொண்டுவந்தார்கள், இப்போது மெஷின். வந்த ஊரே அதற்குப் பெயர். தோஹா பார்க்க அழகு. அதில் செருகி இரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப் தலச்சேரியில் எந்தக் கடையிலும் கிடைக்காததால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மெஷின் வாங்கக் கிளம்பினால், "விலையைக் கேக்காதே மோளே. அடைமழையிலயும் ஸ்ட்ரிப் கிடைக்குமான்னு கேளு" என்பாள். அடுப்பு மேடையில் மூடி திறந்து கிடக்கும் ஸ்ட்ரிப் டப்பா, ஈரக்காற்று பட்டுக் கெட்டதென்று, நேராகக் குப்பைக்குப் போகும். பலாப்பழம் தின்றுவிட்டுக் கை கழுவாமல் விரலை நீட்டினால் புறங்கையில் அடி விழும். "சக்கச்சுளை தின்ன கையில குத்தினா சக்கையோட சுகர்தான் தெரியும்!"

அக்காள் சுஹராவின் மகன் லண்டனிலிருந்து அனுப்பியது மட்டும் இந்தச் சோதனைக்கு வரவில்லை. "என் மோன் வாங்கினதுக்கு உன் பரீட்சை ஒண்ணும் வேணாம்" என்று சுஹரா அதைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

பெருநாளுக்கு மறுநாள் மதியம், சுஹராவின் கணவர் ஆலிக்குட்டி தலை சுற்றுகிறது என்று சாய்ந்தார். மனைவி வீட்டிலேயே வாழும் மாப்பிள்ளை அவர். எழுபது வயதிலும் அந்த வீட்டுக்குப் புதியாப்பிளதான். புதியாப்பிளயின் தட்டு காலியாகவே கூடாது. சர்க்கரைப் பாகில் ஊறிய முட்டைமாலை அதில் இரண்டு முறை விழுந்திருந்தது. சுஹரா லண்டனை எடுத்துக் குத்தினாள். 19.4.

"படச்சோனே! பத்தொன்பதா! சுகர் அடியோட இறங்கிப்போச்சு!"

வீடே கூடிவிட்டது. சுஹரா சர்க்கரையைக் கரைத்து டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள். உம்முகுல்சு அக்காளின் கையைப் பிடித்தாள்.

"நில்லு இத்தாத்தா. ஆலிக்கா, எப்படி இருக்கு?"

"தாகமா இருக்கு. முட்டைமாலை மீதி இருக்கா?"

"பத்தொன்பதுல கிடக்கிற மனுஷன் கேக்கிற கேள்வியா இது?"

"மனுஷன் போயிருவார்டி! என் மோன் அனுப்பினது தப்பு சொல்லுமா?"

"தப்போ சரியோ, நான் இன்னும் பார்க்கலையே."

அவர் விரல்களை அவளே கழுவி, துடைத்து, பழைய மெஷினில் சொட்டு வைத்தாள். 352. லண்டனை வெளிச்சத்தில் திருப்பி, எண்ணுக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"பாவம், இவன் பொய் சொல்லல. அந்த நாட்டு அளவுல சொல்றான். பதினெட்டால பெருக்கினாத்தான் நம்ம கணக்கு."

"அப்போ... இறங்கலையா?"

"ஏறி மாடியில நிக்குது. வண்டியை எடுக்கச் சொல்லு, டாக்டர்கிட்ட போகணும்."

சர்க்கரைத் தண்ணீர் டம்ளர் இன்னும் சுஹராவின் கையிலேயே இருந்தது. ஆலிக்குட்டியின் கண் அதைவிட்டு அகலவில்லை. உம்முகுல்சு அதை வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுவிடாமல் குடித்து முடித்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.