படகில் கிடைத்த மேளம்

சித்தி எங்கள் வீட்டுக்கு லீவுக்கு வந்திருப்பதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த லீவெல்லாம் பத்து நாளில் முடிந்துவிடும். சித்தியின் லீவோ தீபாவளிக்கு முன்பே தொடங்கி, பொங்கலையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்களின் லீவு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, சீக்கிரம் பெரியவளாகிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி அம்மாவின் தங்கை. விழுப்புரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு பையோடு வந்தவள், உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், வாடகை வீட்டின் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வாள். விடிவதற்குள் பாயைச் சுருட்டி, அங்கே ஒருவர் படுத்திருந்த அடையாளமே இல்லாமல் செய்துவிடுவாள். அப்பாவுக்கு எதிரில் நின்று பேசமாட்டாள். அப்பாவும் பேசுகிறவர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக நாள் முழுக்கப் பேசித் தீர்ந்துபோவதால் வீட்டில் அவருக்கு வார்த்தை மிச்சமிருக்காது என்று அம்மா சொல்வாள்.

எதிர் வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டு அம்மா, எங்கள் பேச்சில் மதாம், வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு பிரான்சுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தபோது சித்திதான் கூடமாட இருந்து புடவைகளை மடித்து, பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கிளம்பும் நேரத்தில் அலமாரி மேலிருந்து ஒரு கீபோர்டு வந்தது. மகன் ஏதோ ஒரு விடுமுறையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு, பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்து விற்கிற சாதாரண மாடல்தான், ஏர்போர்ட்டில் எடைக்குக் கட்டுகிற காசுக்குக்கூட ஆகாது என்று அவன் சொன்னான்.

சித்தி பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு ஹார்மோனியம் வாசித்தவள் என்பது மதாமுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"எடுத்துனு போ. இங்க இருந்தா எலிதான் வாசிக்கும்" என்றார் மதாம்.

கீபோர்டை என் அறையில் வைத்தார்கள். தெருவைப் பார்த்த சின்ன அறை அது. ஜன்னலோரம் என் படிப்பு மேஜையும், மேலே ஒரு ஃபேனும் உண்டு. வீட்டிலேயே காற்று வருகிற இடம் அதுதான். மேஜையில் பாதியைக் கீபோர்டுக்குக் கொடுத்ததை நான் பெரிய தியாகமாகவே கருதினேன்.

சித்தி முதலில் ஒரு வாரம் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மா கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். பொத்தானைத் தட்டினால் பின்னணித் தாளம் தானாகவே போகும். வால்ட்ஸ் இருந்தது, போல்கா இருந்தது, ராக் இருந்தது. கிழக்கத்திய தாளம் என்று ஒன்றும் இருந்தது. அதைத் தட்டினால் பாலைவனத்தில் ஒட்டகம் நடந்துபோவது போலக் கேட்டது. சித்தி தனக்குத் தெரிந்த அம்மன் பாட்டை வாசித்துப் பார்த்தாள். அம்மன் ஒட்டகத்தின் மேல் ஏறி வருவதுபோல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கச்சேரிக் குழு அண்ணன் ஸ்கூட்டரில் வந்தார். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்று சின்னச் சின்ன நிகழ்ச்சிகளுக்குப் பாடுகிற குழு. இரண்டு பாட்டுக்காரர்கள், ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். தாளமும் கீபோர்டிலேயே வரவேண்டும். அவருடைய கீபோர்டு ஆள் துபாய்க்குப் போய்விட்டதால், தேங்காய்த்திட்டு அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆள் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தார். எங்கள் தெருவில் யாரோ சித்தி வாசிப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் உட்காரவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே இரண்டு பாட்டு கேட்டார்.

"கை நல்லாருக்குதும்மா. பொட்டிதான் சரியில்ல. நம்ம ஊர் அடி இதுல வராது. அங்க மேளம் கேக்கலன்னா எந்திரிச்சிப் போயிடுவாங்க."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்கண்ணே" என்றாள் சித்தி. அவள் ஒரு வெளி ஆளிடம் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அவர் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீபோர்டின் பின்பக்கம் மைக் செருகுகிற ஓட்டை ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கையேட்டைப் பார்த்தால் முழுக்கவும் பிரெஞ்சு. மார்க் வரும் என்பதற்காக நான் பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருந்தேன். என் பிரெஞ்சில் ஒரு பையன் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவான். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் நேர்ந்ததில்லை. இருந்தாலும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொன்னேன். வெளியிலிருந்து எந்தச் சத்தத்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளலாம். அதைக் கட்டைகளில் ஏற்றிக்கொள்ளலாம். இருக்கிற தாளத்தைக் கழற்றிவிட்டுச் சொந்தத் தாளம் கட்டலாம். இவ்வளவையும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் தட்டாத பாத்திரம் இல்லை. கூடவே வந்திருந்த மைக்கை நான் பிடிக்க, சித்தி அரிசிப் பானையைத் தட்டினாள், செம்பைத் தட்டினாள், பித்தளைத் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள். அதையெல்லாம் கட்டைகளில் ஏற்றி வாசித்தபோது அம்மாவே அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றாள். மறுநாள் காலையில் போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. பானையும் இல்லை, செம்பும் இல்லை. ஒட்டகம் மட்டும் நடந்துபோனது.

சித்தி அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கையேட்டை என் முன்னால் விரித்து, ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த வார்த்த மேலயும் வருது, கீழயும் வருது பாரு. நேத்து ஒரு எடத்ததான் படிச்ச?"

"ஒரே வார்த்ததான் சித்தி. பதிவு பண்றது. அச்சுல தப்பா ரெண்டு தடவ வந்திருக்குது."

அச்சில் தப்பில்லை. முதல் பதிவு, சத்தத்தைப் பிடிப்பது. இரண்டாவது பதிவு, பிடித்ததை மறக்காமல் உள்ளே எழுதி வைத்துக்கொள்வது. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே வார்த்தை வைத்திருந்தார்கள். சித்தி சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

பாத்திரங்கள் திரும்பக் கிடைத்துவிட்டன. மேளம்தான் கிடைக்கவில்லை. வயிற்றில் இறங்குகிற அந்தக் கனமான ஒலி எந்தப் பாத்திரத்திலும் வரவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடித்தால் பக்கெட் மாதிரிதான் கேட்டது.

அந்த வாரம் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குப் போனோம். கரையில் ஏற்றி வைத்த ஒரு மரப்படகை ஓர் ஆள் மரச்சுத்தியால் தட்டித் தட்டிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது சித்தி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "கேளு" என்றாள். நான் மீன் விலையைக் கேட்டேன். அவள் படகைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் கீபோர்டைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கரண்டு இல்லாத இடத்துக்கென்று பெரிய பேட்டரிகள் போட்டிருந்தோம். படகுக்காரருக்கு விஷயத்தைப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் மைக்கைப் படகின் வயிற்றில் ஒட்டிப் பிடித்ததும் அவர் கேட்டார்:

"என்னா பாப்பா, போட்டுக்கு ஈசிஜி எடுக்கிறியா?"

முதலில் அவர் கடலே அதிர்கிற மாதிரி அடித்தார். பிறகு மெதுவாக அடித்தார். இரண்டும் சரியாக வரவில்லை. ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, காக்கைகள் கத்தின, ஏலம் போய்க்கொண்டிருந்தது. மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் செத்த சும்மா இருங்கடி. போட்டு பாடப் போவுதாம்."

மெஷினை நிறுத்தினார்கள். ஏலக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். அந்த அமைதியில் படகுக்காரர் ஒரு அடி அடித்தார். சித்தி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்து அதைத் திரும்பப் போட்டுக் காட்டினாள். பிறகு படகுக்காரரின் காதில் வைத்தாள். அவர் தன் படகைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலை. அந்த ஒரு அடியை இடது பக்கக் கட்டைகளில் ஏற்றினால் கீழே போகப் போகக் கனம் கூடியது. ஓர் இடத்தில் அது படகாக இல்லாமல் மேளமாகிவிட்டது. அதற்கு மேல் மீன் பெட்டியைத் தட்டிய சத்தம், பித்தளைத் தட்டு, என் கைத்தட்டல். பிறகு வால்ட்ஸிலிருந்து கிட்டாரையும் பியானோவையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, வெறும் கூடாக நின்ற தாளத்தில் இவற்றை அடுக்கினாள். நாயனத்துக்கு என்று தனிச் சத்தம் இல்லை. ஓபோ என்கிற குழலோடு அக்கார்டியனைக் கலந்து, ஒலி தொடங்குகிற இடத்தின் கூர்மையைக் குறைத்து, ஸ்வரத்தை வளைக்கிற சக்கரத்தை ஒரு விரலில் லேசாக உருட்டினால் ஓரளவுக்கு நாயனம் மாதிரியே இழைந்தது. ஒவ்வொரு முறையும் நான் இரண்டாவது பதிவை ஞாபகப்படுத்தினேன். அதுதான் என் உத்தியோகம்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி அண்ணன் வந்தார். பாதிப் பாட்டில் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மேளம் எந்தக் கம்பெனி சிடிம்மா?"

"தேங்காய்த்திட்டு கம்பெனிண்ணே" என்றாள் சித்தி.

இதற்கிடையில் சித்தியின் வீட்டுக்காரருக்கு அண்ணன் ஒருவர் இரண்டு தடவை வந்து போயிருந்தார். அவர் வந்தாலே என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். திருவிழா முடிந்ததும் வந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு போவதாக அவர் சொன்னது என் காதில் விழுந்தது. லீவு முடிகிறது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. எனக்கே வருத்தம் என்றால் சித்திக்கு எவ்வளவு இருக்கும் என்றும் நினைத்தேன். அவ்வளவு தூரம் சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

திருவிழா அன்று சாயங்காலம் அப்பாவும் வந்தார். மேடைக்குக் கீழே ஜனங்கள் பாயிலும் கவிழ்த்த மீன் பெட்டிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு ஆரம்பித்துப் படகு மேளம் பெரிய ஸ்பீக்கரில் விழுந்தபோது எனக்கு வயிறு குலுங்கியது. இரண்டாவது பாட்டின் நடுவில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

விளக்கெல்லாம் அணைந்து, கீபோர்டின் சின்ன நீலத் திரையும் செத்துப்போனது. ஸ்பீக்கருக்குக் கரண்டு இருக்கும்போது எதற்கு என்று பேட்டரிகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். கடைசியாகச் செய்த மாற்றங்களுக்கு இரண்டாவது பதிவைப் போட்டோமா என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. மேடைக்குப் பக்கத்தில் நின்று சித்தியையே பார்த்தேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். டீசல் ஊற்றி, ஜெனரேட்டர் இருமி, விளக்கு வந்தது. திரையும் வந்தது. சித்தி ஒரு கட்டையை மெதுவாக அழுத்தினாள்.

படகு இருந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த படகுக்காரர் எழுந்து எல்லோர் பக்கமும் திரும்பினார். "அது என் போட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒருத்தரும் எழுந்து போகவில்லை. பாட்டு முடிந்து திரும்பும்போது அப்பா கீபோர்டைத் தானே தூக்கிக்கொண்டார். ஆட்டோவில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். இந்த முறை என்னைக் கடைக்கு அனுப்ப மறந்துவிட்டார்கள். அவர் காபி குடித்து முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார்.

"அவளுக்கு மாசி, பங்குனி பூரா புரோகிராம் இருக்குது. இப்ப வர முடியாது."

"சரி, அது முடிஞ்சி?"

"முடிஞ்சாலும் புரோகிராம் இருக்கும்" என்றார் அப்பா.

சித்தி அதுவரை ஒப்புக்கொண்டிருந்தது முத்தியால்பேட்டையில் ஒரே ஒரு காதுகுத்துதான். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திருத்தலாமா என்று வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். சித்தி சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது என் மேஜை கூடத்துக்கு வந்திருந்தது. சின்ன அறையில் கீபோர்டும், சித்தியின் பாயும், பையும் இருந்தன. என் ஜன்னலும் ஃபேனும் போய்விட்டன. யாருமே என்னைக் கேட்கவில்லை. நான் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். யாரும் சமாதானப்படுத்தவும் வரவில்லை.

அப்பா வேலை முடிந்து ஒரு புதுத் தாழ்ப்பாளும் நான்கு திருகாணியும் வாங்கி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், அந்த அறைக் கதவில் பொருத்தினார். கீபோர்டை இனி நான் தொடக்கூடாதென்றுதான் அது என்று எனக்கு அழுகை வந்தது. பிறகு பார்த்தால் தாழ்ப்பாளைக் கதவின் உள்பக்கத்தில் போட்டிருந்தார். ஒரு பொருளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வெளியில் அல்லவா போடவேண்டும். இதுகூடத் தெரியவில்லையே என்று அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பாட்டு வரும் என்று காத்திருந்தேன். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் போடுகிற சத்தம். அதற்குப் பிறகு வெகு நேரம் உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை. அம்மா கூடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதுத் தாழ்ப்பாள் தகராறு செய்கிறது போலிருக்கிறது, அப்பாவிடம் சொல்லி வேறு மாற்றச் சொல்லலாம் என்று நான் அவளிடம் சொன்னேன்.